நூலகத்து இரவல் பெட்டி

முதல் நாள். காலை 10.20

இன்று என் அறையில் இருந்தவர்கள்: நூலகர் ஆசீர்வாதம். ஜாமீன் கையெழுத்துப் போட வந்த என் கொழுந்தன் சுடலைக்கண்ணு. என் மகள் சந்தனமாரி. கூப்பிடாமலே எட்டிப் பார்த்த எதிர் அறை பிச்சம்மா. அப்புறம் நான். நிலாவுக்கு வந்து பத்தொன்பது வருடத்தில் இந்த அறைக்குள் ஐந்து பேர் நின்றது இதுதான் முதல் தடவை.

நூலகத்தில் புத்தகத்தோடு இப்போது டேப்லெட்டும் வீட்டு இணையப் பெட்டியும் இரவல் தருகிறார்கள். தவணை பதினான்கு நாள். மாரி நாளை தெற்குப் பள்ளத்துக்குப் பனிக்கட்டி ஏற்றப் போகிறாள். வண்டியிலிருந்து அவள் பேசுவது இந்தப் பெட்டியில் கேட்கும்.

"டேப்லெட்ல தினம் ரெண்டு வரி எழுதிப் பழகுங்க ஆச்சி. அடுத்து எடுக்கிறவங்க படிக்கட்டும்" என்றார் ஆசீர்வாதம். நான் மூன்றாம் வகுப்பு. எழுதுகிறேன்.

சுடலைக்கண்ணு, வெளியே வண்டி சிக்கினால் ஆள் அனுப்பும் மீட்பு அறைக்குப் பொறுப்பாளன். கையெழுத்துப் போட்டான். நான் முகத்தைப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் பாடைக்குத் தோள் கொடுக்க வராதவன். இருபத்தாறு வருடமாகப் பேச்சு கிடையாது.

"யம்மா, உன் கோவத்துக்கும் ஒரு தவணை வச்சிருக்கலாம்ல" என்றாள் மாரி.

நான்காம் நாள். காலை 11.05

மாரி பேசினாள். "சாப்ட்டியா யம்மா? மாத்திரை போட்டியா?" கேட்டுவிட்டு இரண்டு இருமல். பின்னால் வண்டிக் கதவு தட்டும் சத்தம்.

ஆறாம் நாள். பகல் 1.30

அலைக் கோபுரத்தில் விண்கல் விழுந்ததாம். லைன் நூலாக மெலிந்துவிட்டது. எங்கள் நடைவழியில் காற்று கசிகிறது; சரிசெய்யும்வரை இங்கே எல்லார் கதவும் பூட்டியிருக்கும். எழுத்தில் அனுப்பினால் "வரிசையில் உள்ளது" என்றே நிற்கிறது. குரல் மட்டும் போகிறது, வருகிறது.

மீட்பு அறையிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "வண்டிப் பேச்சு எங்களுக்கு வரல. உங்க பெட்டிக்கு வருதா? மாரி அக்கா எப்படி இருக்காங்க?"

நல்லா இருக்கிறாள், காலையில்கூடப் பேசினாள் என்றேன். அப்படித்தான் பேசினாள்.

ஏழாம் நாள். காலை 9.40

"சாப்ட்டியா யம்மா? மாத்திரை போட்டியா?" இரண்டு இருமல். கதவு தட்டும் சத்தம். நான்காம் நாள் கேட்டதேதான், இம்மியும் மாறாமல்.

எனக்கு எதுவும் மறக்காது. "பள்ளிக்கூட மாடிப்படியில விழுந்து இடது கை ஒடிஞ்சதே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். மாரி கை ஒடிந்ததே இல்லை.

"ஆமா யம்மா. குளிருக்கு இன்னும் வலிக்கத்தான் செய்யுது."

காலை 10.15

பெட்டியைக் கவிழ்த்து, ஒட்டியிருந்த சீட்டை எழுத்துக் கூட்டிப் படித்தேன். லைன் விட்டுப்போகும் இடத்தில் பேசுகிறவர் குரலிலேயே பெட்டி நிரப்பிக்கொள்ளுமாம். நூலகர் மட்டுமே நிறுத்த முடியும். ஆசீர்வாதத்தைக் கூப்பிட்டேன். "நிறுத்தியாச்சு ஆச்சி, பயப்படாதீங்க." கொஞ்சமும் பிசிறில்லாத குரல். அவர் சொன்னாரா, பெட்டி சொன்னதா?

காலை 11.30

கரகரவென்று வந்தது. "...ம்மா... வண்டி கவுந்து... காத்து மூணு மணிக்கு மேல... ஏன் யாருமே..." உடனே தெளிவாக: "நான் நல்லாருக்கேன் யம்மா."

கரகரப்புதான் என் பிள்ளை. தெளிவாகப் பேசுவது பெட்டி.

காலை 11.50

மீட்பு அறையைக் கூப்பிட்டேன். சுடலைக்கண்ணுதான் எடுத்தான். பேசினேன். வண்டி கவிழ்ந்து கிடக்கிறது, காற்று தீருகிறது, ஆள் அனுப்பு என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

பதில் கரகரப்போடு வந்தது. அவனேதான். "...சரி மதினி... மாரி நல்லாருக்கான்னா... அது போதும்... நீங்க என்னைத் தம்பின்னு கூப்ட்டு... நன்றின்னு..." அழுகிறான்.

நான் தம்பி என்று சொல்லவில்லை. நன்றி என்று சொல்லவில்லை. என் குரலில் பெட்டிதான் சொல்லியிருக்கிறது.

பகல் 1.10

பதினொரு தடவை கூப்பிட்டேன். வாயில் வந்த வசவெல்லாம் வைதேன். "...நீங்களும் ஒடம்பைப் பாத்துக்கோங்க மதினி..." என்கிறான். கதவில் அடித்து அடித்துக் கை வீங்கிவிட்டது. பிச்சம்மா அறையிலும் பதில் இல்லை.

பகல் 2.50

கரகரப்பு. மூச்சு மட்டும் கேட்டது. யம்மா என்றாளோ என்னவோ. பெட்டி அதன்மேல் பேசிவிட்டது.

மாலை 4.20

மாரி ஓயாமல் பேசுகிறாள். கரகரப்பே இல்லை. மாத்திரை போட்டியா என்கிறாள். பெட்டியை உடைக்கக் கை ஓங்கினேன். முடியவில்லை. அவள் குரல்.

அடுத்து இதை இரவல் எடுப்பவருக்கு. ஆசீர்வாதத்தைத் திட்டாதீர்கள். லைன் விட்டால் கிழவி பயந்துபோவாள் என்று இந்த நிரப்பலைப் போட்டுவிட்டிருப்பார். பெட்டிக்கு என்னைத் தெரியாது. என் கொழுந்தனுக்குத் தெரியும். இருபத்தாறு வருடம் அவனை ஏறெடுத்துப் பார்க்காதவள் நான். என் வாயிலிருந்து நன்றி என்று கேட்ட மறுநொடியே, என்னவோ ஆகிவிட்டது என்று வண்டியை எடுத்துக்கொண்டு ஓடியிருக்க வேண்டாமா. உட்கார்ந்து சந்தோசப்பட்டான்.

மன்னிக்க மாட்டேன் சுடலைக்கண்ணுவை.