கேழ்வரகு யானையும் அரைக் கிலோவும்

12-9-1972, செவ்வாய்

நாட்குறிப்பே, மன்னித்துக்கொள். மணி பதினொன்றரை. இந்த நேரத்தில் உன்னை எழுப்புவது நியாயமில்லைதான். ஆனால் பாத்திரம் தேய்த்து, ஆதியைத் தூங்கவைத்து, அவள் மூச்சு விடுகிறாளா என்று மூன்று தடவை மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துவிட்டு வருவதற்குள் இவ்வளவு நேரமாகிவிடுகிறது.

இன்று மானம் போயிற்று. பெண்ணாடத்திலிருந்து அத்தை, அதாவது இவருடைய அம்மா, வந்தார்கள். பேத்தியைத் தூக்கியதும், "என்னாடி இது, கரும்புச் சக்கையத் தூக்குறாப்புல இருக்குது!" என்றார்கள். தூக்கிய கையோடு இவர் வேலை செய்யும் பொம்மைக் கூடத்துக்கே நடந்து, களிமண் நிறுக்கும் தராசில் பிள்ளையை உட்காரவைத்துவிட்டார்கள். பத்துக் கிலோ இருநூறு கிராம். மூன்று வயதுக்கு! சுற்றி நின்று பத்துப் பேர் வேடிக்கை பார்த்தார்கள். சூளை பார்க்கும் பக்கிரி, "ஈர மண்ணா இருந்தா இன்னும் கொஞ்சம் நிக்கும்மா" என்றார். அதற்கு ஒரு சிரிப்பு வேறு.

வீட்டுக்கு வந்ததும் தீர்ப்பு. "தீபாவளிக்குள்ள அரைக் கிலோ ஏறணும். ஏறலன்னா புள்ளைய நான் தூக்கிட்டுப் போயிடுவேன். ஒரு வருசம் என் கையால சாப்புடட்டும்."

ஒரு வருஷம்! இவர் என்ன சொன்னார்? நகத்திலிருந்த களிமண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

நான் பி.எஸ்ஸி. மனையியல். எந்தத் தானியத்தில் எவ்வளவு சுண்ணாம்புச் சத்து, எவ்வளவு இரும்புச் சத்து என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். யாரும் கேட்பதில்லை. ஆதி வாயைத் திறப்பதுமில்லை.

14-9-1972, வியாழன்

இட்லி மூன்று. ஆதி தின்றது அரை. காக்கை தின்றது இரண்டரை. காக்கை நன்றாக வளர்கிறது.

17-9-1972, ஞாயிறு

யோசித்துப் பார்த்தேன். ஆதி எதற்கு வாயைத் திறக்கிறாள்? பாயசத்துக்கு. வெல்லக்கட்டிக்கு. அப்படியென்றால் காலைப் பலகாரமே பாயசத்தின் பக்கத்து வீடாக இருந்துவிட்டுப் போகட்டுமே! உள்ளே சத்து, நாக்குக்குப் பண்டம். பிள்ளையை ஏமாற்றுவதா என்று மனசு கேட்டது. ஆமாம், ஏமாற்றுவதுதான்.

கேழ்வரகை முளைகட்டி, நிழலில் உலர்த்தி, வாசம் வர வறுத்து, தவிடு போகாமல் அப்படியே அரைத்த மாவு ஒரு பங்கு. வறுத்த வேர்க்கடலைப் பொடி கால் பங்கு. தேங்காய்ப்பாலில் கரைத்து அடுப்பில் ஏற்றி, மசித்த பூவன்பழம் இரண்டு, நறுக்கிய பேரீச்சம்பழம், அத்தை கொண்டுவந்த பெண்ணாடம் வெல்லம் கொஞ்சம், ஏலக்காய். சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்வரை கிளற வேண்டும். சர்க்கரை கிடையாது, மைதா கிடையாது. ருசி பார்க்கிறேன் என்று நின்றபடியே நாலு கரண்டி தின்றுவிட்டேன். கல்யாண வீட்டு அல்வா தோற்றது.

தட்டில் வைத்தேன். ஆதி குனிந்து பார்த்தாள். "மண்ணு" என்றாள்.

"மண்ணு இல்லடா கண்ணு, அல்வா."

"அப்பா மண்ணு."

எழுந்து போய்விட்டாள். பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. இவர் யானைப் பொம்மைக்குப் பிசையும் செம்பழுப்புக் களிமண்ணும் அதே நிறம்.

19-9-1972, செவ்வாய்

இவர் வாயைத் திறந்தார்! "கமலம், ருசி புடிக்கலன்னு யாரு சொன்னா? அது வாயிலயே வைக்கலியே. உருவந்தான் புடிக்கல" என்றவர், சாயங்காலம் துண்டில் சுற்றி ஓர் அச்சு கொண்டுவந்தார். யானை அச்சு. வெள்ளை பிளாஸ்டரில் இரண்டு பாதி, சேர்த்துக் கட்ட ஒரு சைக்கிள் டியூப் துண்டு.

"இதுல களிமண் போட்டீங்களா?"

"புதுசும்மா."

"கை படலியா?"

"படாம எப்படிக் கொண்டாருவேன்?"

"பூச்சி ஏதாவது..."

அச்சின் உள்பக்கத்தை ஒரு நக்கு நக்கிக் காட்டினார். அதற்காகவே இரண்டு தடவை துடைக்க வேண்டியதாயிற்று. நெய் தடவி, கிளறியதை அழுத்தி, கட்டிவைத்தேன். பிளாஸ்டர் தண்ணீரைக் குடித்துவிடுமாம். ஒரு மணி நேரத்தில் பிரித்தால், கொம்பு, காது, வால் எல்லாம் வைத்து ஒரு கேழ்வரகு யானை!

25-9-1972, திங்கள்

ஆறு நாளில் ஒன்பது யானை. ஆதியின் சட்டப்படி தும்பிக்கையை முதலில் தின்ன வேண்டும், அப்போதுதான் யானை கத்தாதாம். வால் அம்மாவுக்கு. வயிறு கடைசியில். காக்கை ஜன்னலுக்கு வந்து கத்திப் பார்த்துவிட்டுப் போனது.

3-10-1972, செவ்வாய்

ஐயோ, இதை எப்படி எழுதுவது.

கொலு நெருங்குகிறது. காய்ந்த களிமண் யானைகளை இவர் தட்டோடு வீட்டுக்குக் கொண்டுவருகிறார். அச்சு சேர்ந்த இடத்தில் கோடு தெரியுமே, அதைப் பக்கத்து வீட்டு வீரம்மாள் ஈரப் பஞ்சால் தேய்த்து மழுப்பித் தருவாள். இன்று விடிகாலை கரண்டு இல்லை. ஜன்னல் பலகையில் களிமண் யானைத் தட்டு, பக்கத்தில் இரண்டு கேழ்வரகு யானையோடு என் தட்டு. வீரம்மாள் இருட்டில் இரண்டையும் சேர்த்து எடுத்துப்போய்த் தேய்த்திருக்கிறாள். மறந்துபோன ஒரே ஒரு யானை பலகையில் நின்றது. அதைத்தான் ஆதியின் தட்டில் வைத்தேன்.

தும்பிக்கை நுனியைக் கடித்தாள். மென்றாள். "அம்மா, இனிப்பு போடல" என்றாள்.

வாயில் விரலை விட்டுத் தோண்டி, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். மண்ணைத் தின்றுவிட்டாள் என்று அழுதேன். எவ்வளவு என்று கேட்டார். "ஒரு தும்பிக்கை" என்றேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். தோள் மட்டும் குலுங்கியது. ஒன்றும் ஆகாதாம்.

திரும்பி வந்தால் தெருவே வெல்லம் மணக்கிறது. "யாரு வூட்ல பொங்கலு?" என்று ஒருவர் மாற்றி ஒருவர் கேட்கிறார்கள். மணம் சூளைப் பக்கமிருந்து வந்தது.

வீரம்மாள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். "யக்கா, ரெண்டு யானை மட்டும் வழவழன்னு தேய்க்கத் தேய்க்க மெருகேறுச்சிக்கா. நல்ல மண்ணு போலன்னு நெனச்சேன். வெரல நக்கியிருந்தாலும் தெரிஞ்சிருக்கும்."

5-10-1972, வியாழன்

சூளை பிரித்தார்கள். பக்கிரி வாழையிலையில் இரண்டு கரிக்கட்டைகளை ஏந்தி வந்து, "இந்தாம்மா, உங்க வூட்டு டிபன். கொஞ்சம் முறுகிடுச்சி" என்று நீட்டினார். நல்லவேளை, வேறு பொம்மை எதற்கும் சேதமில்லை.

ஆதி கடித்த மண் யானையை எறிய விடவில்லை. மூக்கறுந்த அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறாள். காய்ந்த யானை ஒன்று நூற்றெழுபது கிராம் என்றார் இவர். யார் கேட்டார்கள்?

20-10-1972, வெள்ளி

செய்முறை எழுதிய பக்கத்தைப் புரட்டினேன். ஓரத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை, செம்பழுப்பில். நான் களிமண்ணைத் தொடுவதே இல்லை. நாட்குறிப்பே, உன்னை யாரோ படிக்கிறார்கள்.

5-11-1972, ஞாயிறு

தீபாவளி. அத்தை நேற்றே வந்துவிட்டார்கள். யானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பண்டத்தப் போயி பொம்மையாட்டம் செஞ்சி வச்சிருக்கிறியே" என்றார்கள். பிறகு ஒரு காது. பிறகு ஒரு கால். நான் எண்ணெய்ச் சட்டியை இறக்கிவிட்டு வருவதற்குள் மூன்று யானை காலி. "பல்லுக்கு இதமா இருக்குது" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஆதி அத்தை மடியில் உட்கார்ந்து தும்பிக்கைச் சட்டத்தை விளக்கினாள். அத்தை தலையாட்டிக் கேட்டார்கள். நாளைக்குத் தராசு. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இந்த வீட்டில் இப்போது சாப்பிடாதவள் நான்தான்.

6-11-1972, திங்கள்

காலையில் அத்தை, "நான் உடுத்துறேன், நீ போயி அடுப்பப் பாரு" என்று பிள்ளையை வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் எடுத்துவந்த பச்சைக் கவுன், பெரிய பை வைத்தது.

அதே தராசு. அதே பத்துப் பேர். "கவுன் எடையக் கழிக்க வேணாமா?" என்று கேட்டுவிட்டேன், படித்த புத்தி.

"அன்னிக்கும் கவுன்தான் போட்டிருந்துச்சி. நீ சும்மா இரு" என்று அத்தை அதட்டினார்கள்.

பக்கிரி கல்லை மாற்றி மாற்றி வைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "பத்து கிலோ எண்ணூத்தி நாப்பது!" அறுநூற்று நாற்பது கிராம் ஏற்றம்! வீரம்மாள் கைதட்டினாள். அத்தை, "சரி, இங்கயே இருக்கட்டும். எனக்கும் முட்டி வலி, யாரு பின்னாடி ஓடுறது" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தார்கள்.

அழுதேன். எல்லோருக்கும் யானை.

ஆதி தூங்கியபின் கவுனை மடிக்கும்போது பை கனத்தது. ஊக்கு குத்தி மூடியிருந்தது. பிரித்தேன். உள்ளே ஒரு துணி முடிச்சு. அத்தையின் ஊதாப் புடவைக் கிழிசல், வெற்றிலை வாசனையோடு. அவர்கள் போடும் அதே இரட்டை முடிச்சு. அதற்குள் தும்பிக்கை நுனி இல்லாத மண் யானை.

கணக்குப் போட்டேன். ஏறிய அறுநூற்று நாற்பதில் யானை நூற்றெழுபது போனால்... நுனி ஆதி வயிற்றில். ஆகவே நூற்று அறுபத்தெட்டு என்று வைத்துக்கொள்ளலாம். உண்மையான ஏற்றம் நானூற்று எழுபத்திரண்டு. அரைக் கிலோவுக்கு இருபத்தெட்டு கிராம் குறைவு.

களிமண் கட்டைவிரல்காரருக்கு:

இதை நீங்கள் காலையில் படிப்பீர்கள் என்று தெரியும். யானையைத் திரும்ப ஆதியின் தலைமாட்டிலேயே வைத்துவிட்டேன். அத்தை ஒன்பது மணி பஸ்ஸுக்குப் போகிறார்கள். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவர்களிடம் சொல்லட்டுமா? இல்லை, ஒன்றும் சொல்லாமல் ஆறு யானை கட்டிக் கொடுத்தால் போதுமா? அந்த அச்சையே கேட்டாலும் கேட்பார்கள். அப்படிக் கேட்டால் வேறு அச்சு கிடைக்குமா? நேரில் கேட்டால் நீங்கள் நகத்தைச் சுரண்டுவீர்கள். அதனால் இதே பக்கத்தில், கீழே இடம் விட்டிருக்கிறேன். கையைக் கழுவிவிட்டு, தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.