எஞ்சின் பலகையில் பதினோரு சென்டிமீட்டர்

அன்பு மகள் வளர்மதிக்கு நைனா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் அப்படியே இருக்க வேண்டும். போனில் பேசினால் சொல்ல வந்ததைப் பாதியில் விட்டுவிடுவேன், அதனால் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். வரிசை தப்பாமலிருக்க முதலில் குறித்துக்கொள்கிறேன்:

1. வீட்டுச் செய்தி.
2. தம்பி கவியரசன் படகின் வெடிப்பு வளரவில்லை.
3. அந்தப் படகில் கேட்கும் சத்தம்.
4. நான் கொடுத்த வாக்கு.

அம்மாவின் முழங்காலைப் பொன்னேரி டாக்டரிடம் காட்டினோம், மாடிப்படி ஏறக்கூடாது என்றார், நம்ம ஊட்ல மாடி எங்க கீது சார்னு அவரையே கேட்டுவிட்டாள். மாத்திரை சாப்பிடுகிறாள், வலி குறைந்திருக்கிறது.

இரண்டாவது. போன மாதம் முகத்துவாரத்தில் அலை தூக்கிப் போட்டதில், கவியரசன் படகில் எஞ்சின் மாட்டும் மரப்பலகையும் ஃபைபரும் ஒட்டிய இடத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு விட்டிருக்கிறது. நீ உன் ஆராய்ச்சியைப் பற்றி எழுதியிருந்ததை நான்கு முறை படித்தேன், பாதிதான் விளங்கியது. ஒட்டிய இரண்டு பொருளுக்கும் நடுவே கணினியில் சின்னச் சின்ன ஸ்பிரிங்குகள் இருப்பதாக வைத்துக்கொள்கிறாய், மெதுவாக இழுத்தால் ஒரு மாதிரியும் திடீரென்று அடித்தால் வேறு மாதிரியும் அவை விட்டுப்போகின்றன, வெடிப்பின் கண்ணுக்குத் தெரியும் முனைக்கு அப்பாலும், முழுசாகத் தெரியும் இடம் உள்ளுக்குள் விட ஆரம்பித்திருக்கும் என்று எழுதியிருந்தாய். அந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை. கடலுக்கு இந்தப் படகு வேண்டாம் என்றேன். அதற்கு அவன், போன வருசம் புயல் வருதுன்னு என்னை உட்கார வெச்சியே நைனா, ஒரு இலைகூட ஆடலையே, பத்து நாள் அளந்து பாரு, வளரலன்னா வாய மூடிக்கணும்னு சொன்னான். சரி என்று வாக்குக் கொடுத்தேன். அதுவரை காலையில் ஏரியில் மட்டும் ஓட்டுகிறான், மதியம் மணலில் ஏற்றிவிடுகிறான். முனையில் பென்சிலால் குறி போட்டுத் தினமும் ஸ்கேல் வைத்துப் பார்க்கிறேன். பத்து நாளும் பதினோரு சென்டிமீட்டர்தான்.

மூன்றாவதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அளப்பதோடு ஒரு ரூபாய் நாணயத்தால் பலகை ஓரமாகத் தட்டியும் பார்ப்பேன், ஒட்டிய இடத்தில் சத்தம் இறுக்கமாக வரும், விட்ட இடத்தில் பொத்தென்று வரும். ஆறாம் நாள் மதியம், காற்றே இல்லை, ஏரி எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது, கரையில் ஒருவரும் இல்லை. இரண்டு தட்டு தட்டினேன். படகின் முன்பக்கத்தில் இருந்து இரண்டு தட்டு வந்தது. யாரோ பிள்ளைகள் என்று சுற்றிப் போய்ப் பார்த்தேன், மணலில் என் காலடி மட்டும்தான். திரும்பி வந்து மூன்று தட்டினேன், மூன்று வந்தது. எட்டாம் நாள் நான் தட்டவே இல்லை, நாணயம் கையில்தான் இருந்தது, அதுவாகத் தட்டியது. மரமும் ஃபைபரும் வெயிலில் ஒரே அளவாக விரிவதில்லை, அதனால் சத்தம் வரும் என்று நானே முப்பது வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனால் வெயிலுக்கு எண்ணத் தெரியாது. பக்கத்துப் படகுகளில் எல்லாம் கடற்காக்கைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன, இதில் ஒன்றுகூட உட்காரவில்லை. பக்கத்துப் படகுக்காரர் தருமலிங்கத்திடம் மெல்லச் சொன்னேன், வாத்தியாரே, நீ தட்டுனா அது தட்டாம இன்னா பண்ணும், மரியாத தெரிஞ்ச படகு அதுன்னு சிரித்தார். என் காதைத்தான் நான் சந்தேகப்படுகிறேன்.

நான்காவது. இன்றோடு பத்து நாள் முடிகிறது. திங்கட்கிழமை விடியற்காலை கவியரசன் கடலுக்குப் போகிறான். அளவு அவன் பக்கம் இருக்கிறது, என் பக்கம் ஒரு சத்தம்தான். வாக்கு மீறிப் பேச எனக்கு வாய் வரவில்லை. உன் பேச்சை அவன் கேட்பான். அவன் போகலாமா கூடாதா என்று நீயே அவனிடம் சொல். போகலாம் என்றால் நான் பேசாமல் இருந்துவிடுகிறேன்.

எடுத்த வேலை நல்லபடி முடிந்து நீ நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். குளிரில் காதை மூடிக்கொள். பாஸ்போர்ட் புதுப்பிக்கும் தேதியை மறந்துவிடாதே.

உன் நன்மையையே நினைக்கும் நைனா,
சு. உலகநாதன்,
கோட்டைக்குப்பம்.

படம் பிடிக்கும் முன் இன்னொரு முறை சரிபார்த்துவிடலாம் என்று போய் வந்தேன். மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை அம்மா படகுக்குப் பூசை போட்டபோது, என் பென்சில் குறியைப் பொட்டு வைக்க நான் காட்டிய இடம் என்று நினைத்துக்கொண்டு அதன்மேல் குங்குமம் வைத்து, அதற்கப்பால் விளிம்பு முழுக்க மஞ்சளை அப்பிவிட்டாள். அதை அழிப்பது ஆகாது என்று நானும் தினமும் குங்குமம் வரைக்கும்தான் அளந்திருக்கிறேன். இன்று விரலை ஈரமாக்கித் துடைத்தேன். வெடிப்பு பலகையைத் தாண்டிப் படகின் பக்கவாட்டில் ஏறியிருக்கிறது, முப்பத்திநான்கு சென்டிமீட்டர். கவியரசனைக் கூப்பிட்டுக் காட்டினேன். தடவிப் பார்த்துவிட்டு, எஞ்சினைக் கழட்டிடலாம் நைனான்னு மட்டும் சொன்னான். அப்போது முன்பக்கத்தில் இரண்டு தட்டு கேட்டது. அவனுக்கும் கேட்டது, இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மேலே இரண்டாவதாக எழுதியது தவறு.