வீங்கிய காலுக்கு நான் வைத்த பெயர்

தஞ்சாவூர்
8.8.2004

அன்பு மகன் நௌஷாதுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். துபாய் வெயிலில் உன் உடம்புக்கு ஒன்றும் வராமலிருக்க துஆ செய்கிறேன். நானும் உன் தங்கை ஃபஹ்மிதாவும் சுகம். உன் அம்மாவும் சுகம் என்று போனில் சொன்னேனே, அது பொய். அவள் இங்கே ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பதறாதே, ஆபத்து கொஞ்சம் விலகியிருக்கிறது என்கிறார்கள். போனில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

உன் அம்மாவின் எலும்பு மஜ்ஜைப் புற்றுக்கு மாத்திரை ஆரம்பித்தபோதே டாக்டர் சொன்னார், இந்த நோயிலேயே ரத்தம் உறையும், மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் ஜாஸ்தி, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ அன்னிக்கே கூட்டிக்கிட்டு வந்துடுங்க என்று. நானும் எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டினேன். போன வாரம் அவளுடைய இடது கால் பூசணிக்காய் போல வீங்கியதைப் பார்த்ததும் டாக்டர் சொன்னது ஒன்றும் நினைவில் இல்லை, யானைக்கால் என்றுதான் மனதில் வந்தது. நம் பக்கத்தில் வீங்கின காலுக்கு வேறு பெயர் யாருக்குத் தெரியும். மறுநாள் ஃபஹ்மிதாவைப் பார்க்க முத்துப்பேட்டையிலிருந்து மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வருவதாக இருந்தது. யானைக்கால்காரி மகள் என்று ஒரு பேச்சு கிளம்பினால் போச்சு. காலை மடக்கிப் புடவைக்குள் வைத்துக்கொள், அவர்கள் போகிறவரை எழுந்திருக்காதே என்று நான்தான் சொன்னேன். வலிக்குதுங்க என்றாள். புள்ளைக்காகப் பொறுத்துக்க என்றேன். காலை மடக்கிப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். வந்தவர்கள் சாப்பிட்டு, ஊர்க்கதையெல்லாம் பேசி, சாயங்காலம் அஸர் பாங்கு சொன்ன பிறகுதான் கிளம்பினார்கள். கார் தெருமுனை திரும்பியதும் எழுந்தவள் மூச்சுத் திணறி அப்படியே சாய்ந்துவிட்டாள். பெண் பிடித்திருக்கிறதாம், சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை.

இங்கே கொண்டுவந்து சேர்த்ததும், யானைக்காலா டாக்டர் என்றுதான் முதலில் கேட்டேன். இல்லைங்க பாய், கால் ரத்தக்குழாய்ல ரத்தம் கட்டி, ஒரு துண்டு நுரையீரலுக்குப் போயிருக்கு என்றார். அல்ஹம்துலில்லாஹ் என்று நான் சத்தமாகவே சொல்லிவிட்டேன் மகனே. உயிர் போகிற விஷயத்தை அவர் சொல்கிறார், ஊர் வாயில் விழாமல் தப்பித்தோம் என்று நான் நிம்மதிப்படுகிறேன். டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அதைத் தாங்கிக்கொள்ளலாம். மூக்கில் ஆக்ஸிஜனோடு கிடந்த உன் அம்மாவும் கண்ணைத் திறந்து பார்த்தாள், பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் ஊசி போடுகிறார்கள். கஞ்சி குடிக்கிறாள், என்னோடு பேசுகிறாள், கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் இன்று காலை வலது காலும் கடுக்கிறதென்று நர்ஸிடம் சொல்லியிருக்கிறாள். பக்கத்திலேயே இருக்கிற எனக்கு அதை அந்த நர்ஸ் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும். இந்தக் கடிதம் கிடைத்ததும் மறக்காமல் போன் செய். போனை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் வெளியே போய்விடுகிறேன். எங்கே வலிக்கிறதென்று நீ கேள், உன்னிடம் மறைக்க மாட்டாள். கேட்டு எனக்குச் சொல்.

உன் அத்தா
சேக் தாவூது