அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தது

ஜூலை 29, திங்கள்

சொல்வது நான், சடையப்பன். எழுதுவது மருமகள் சசிரேகா. என் பெண்சாதி சிட்டம்மாளின் இருமலைத் தினம் குறித்துவைக்கச் சொன்னார் டாக்டர். எனக்கு எழுத்து வராது. மனசில் கிடப்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அவள் நுரையீரலில் எடுத்த சதையை மெழுகில் பதித்து என் கையில் கொடுத்துவிட்டார்கள். தீப்பெட்டியைவிடச் சின்னது. சென்னை லேபுக்கு நாமே கொண்டுபோக வேண்டுமாம். எந்த ஜீன் கெட்டு இந்தப் புற்று வளர்கிறது என்று அங்கே பார்ப்பார்கள்.

“அது தெரிஞ்சா மாத்திரை குடுக்கலாம் பெரியவரே. இல்லன்னா கீமோதான். அவங்க உடம்பு தாங்காது,” என்றார் டாக்டர்.

புற்று என்பது எனக்கும் மகனுக்கும் சசிரேகாவுக்கும் மட்டும் தெரியும். சிட்டம்மாளுக்கும் மற்றவர்களுக்கும் சளி என்றே சொல்லிவைத்திருக்கிறோம். வியாழனன்று மகனுக்கு லீவு, அவன் கொண்டுபோவான். அதுவரைக்கும் அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன்.

ஜூலை 30

இருமல் ஜாஸ்தி. என் தங்கை செல்லாயி வந்து காய்ச்சிய கஞ்சியில் பாதிதான் இறங்கியது.

ஆகஸ்ட் 1, வியாழன்

மெழுகைக் காணோம்.

புயல் அடித்த வருஷம் மெழுகுவத்தியை எலி தின்றது. அது ஞாபகம் வந்து பானையை நகர்த்தி எலி வளை தேடினேன். மறுபடி சதை எடுக்கலாமா? சசிரேகா ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். முடியாதாம். போன தடவையே நுரையீரலில் காற்று இறங்கி, மாரில் குழாய் போட்டுத்தான் காப்பாற்றினார்கள்.

“இன்னாய்யா தேடிக்கினு கீறே?” என்றாள் சிட்டம்மாள்.

ஒன்றுமில்லை என்றேன்.

ஆகஸ்ட் 3, சனி

எடுத்தவள் செல்லாயி. கேட்டுக் கேட்டுக் கடைசியில் அழுதாள்.

“அண்ணிக்கு எவளோ சூனியம் வெச்சிட்டாண்ணா. மெழுகுக்குள்ள மாம்சம் கீது. பானைக்குப் பின்னாடி ஒளிச்சி வெச்சிக்கீறா.”

“வெச்சவன் நான்தான்டி.”

“நீயாண்ணா?”

அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். புற்று என்று அப்போதுதான் சொன்னேன். மறைக்காமல் இருந்திருந்தால் அவள் தொட்டிருப்பாளா?

பெருநகர் ஊர்ப் பூசாரி வேதகிரியிடம் கொடுத்திருக்கிறாள். நாளை ஆடி அமாவாசை, எரிக்கப்போகிறார். முன்னாடியே எரித்துவிட்டால்? செல்லாயியையும் கூட்டிக்கொண்டு உடனே பஸ் ஏறினேன்.

“அமாவாசைக்கு முன்ன தொட்டா, தொட்டவன ராவும், உசுர வாங்கும்,” என்றார் பூசாரி.

“என்னையே ராவட்டும் சாமி. குடு.”

மஞ்சள் தடவி, எலுமிச்சம்பழத்தோடு சிவப்புத் துணியில் முடிந்திருந்தது. சாயந்திரமே மகன் சென்னைக்குக் கொண்டுபோனான். லேபில் இருந்த பெண் பார்த்துவிட்டு, “பூசை போட்டீங்களா? மேல மஞ்சள மட்டும் சீவிட்டா போதும்,” என்றாளாம்.

ஆகஸ்ட் 14

லேபிலிருந்து சேதி இல்லை. அவள் படுத்தால் மூச்சு வாங்குகிறது. உட்கார்ந்தே தூங்குகிறாள்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

ஜீன் தெரிந்துவிட்டது. அதற்கு மாத்திரையும் இருக்கிறது, தினம் ஒன்று. பிள்ளைகளுக்கும் வருமா என்று கேட்டேன். இது கட்டிக்குள்ளேயே கெட்டது, பரம்பரையாக வந்ததில்லை என்றார் டாக்டர். “முழுசா போயிடும்னு சொல்லமாட்டேன். கட்டுப்படும்.”

சிட்டம்மாளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

“சளிக்கு மாரில ஓட்டை போடுவாங்களா? எனக்கு அன்னிக்கே தெரியும்,” என்றாள்.

அக்டோபர் 16, புதன்

மாத்திரை ஆரம்பித்து ஒன்றரை மாசம் ஆகிறது. மீதி மெழுகு லேபிலிருந்து திரும்பி வந்தது. பின்னால் தேவைப்படலாம், பத்திரமாக வையுங்கள் என்றார்களாம். சிட்டம்மாள் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இத்தினியூண்டுக்கா இம்மாம் பேஜாரு?”

செல்லாயி அதைத் தூக்கு டப்பாவில் போட்டு மூடினாள். “எங்க வெக்கட்டும்ணா?”

“அரிசிப் பானைக்குப் பின்னாடிதான்.”

சிட்டம்மாள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

இருமலுக்கு என்ன எழுதட்டும் என்று கேட்கிறாள் சசிரேகா. சிரித்து முடித்தும் வரவில்லை என்று எழுதம்மா.