நோன்பு நேரத்து மாத்திரை

பூந்தமல்லி,
ரமலான் கடைசிப் பத்து, வியாழக்கிழமை.

அன்பு மச்சானுக்கு உங்கள் மஹ்பூபா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். கோலாலம்பூரில் உங்கள் நோன்பும் தொழுகையும் வேலையும் குறைவில்லாமல் நடக்க அல்லாஹ் துணை நிற்பானாக. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை ஓடவில்லை. உங்கள் அத்தா உடம்பால் நலம், அதுவரைக்கும் பயப்படாதீர்கள். மற்றதைக் கீழே எழுதுகிறேன். நடந்துகொண்டே படிக்காமல் எங்காவது உட்கார்ந்து படியுங்கள்.

வாட்ஸ்அப் இருக்கும்போது இவளுக்குக் காகிதம் எதற்கு என்று கேட்பீர்கள். நான் இந்தப் பேச்சை எடுத்த உடனே உங்களுக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. மீட்டிங் இல்லாவிட்டால் சிக்னல் போய்விடுகிறது. குரல் அனுப்பினால் கேட்டீர்களா இல்லையா என்றுகூடத் தெரிவதில்லை, அந்த நீல டிக்கையும் அமர்த்தி வைத்திருக்கிறீர்கள். அதனால்தான் லீவு முடிந்து அங்கே திரும்புகிற முகமது ஆசிக்கிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கடைசி வரி வரை நீங்கள் படித்து முடிக்கிறவரை எதிரிலேயே உட்கார்ந்திருக்கச் சொல்லியிருக்கிறேன். பாவம், நோன்பு திறந்ததும் அவனுக்கு ஒரு நல்ல டீ வாங்கிக் கொடுங்கள்.

நம் பிள்ளை அலீனா இந்த வருஷம் முதல் நோன்பு வைத்தாள். மத்தியானத்துக்கு மேல் தண்ணீர்க் குடத்தையே சுற்றிச் சுற்றி வந்தாள், ஆனால் விடவில்லை. எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை அப்படியேதான் போகிறது. நோன்புக்காக ஒரு மணி நேரம் முன்னாடி விடுகிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தையும் ரோட்டு வேலை தின்றுவிடுகிறது. பஸ்ஸில் நின்றபடியே பேரீச்சம்பழம் வாயில் போட்டு நோன்பு திறந்த நாளும் உண்டு. சரி, இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். எழுத வந்ததைத் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிகிறது.

மாமா பள்ளிவாசலில் மயங்கி விழுந்ததை உங்களுக்கு ஆளாளுக்கு ஒரு விதமாகச் சொல்லியிருப்பார்கள். நான் முதலிலிருந்து சொல்கிறேன். உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் அதை நீங்கள் மறந்துவிட்ட மாதிரி நடந்துகொள்கிறீர்கள்.

போன லீவில் வந்தபோது நீங்களே எழுதிய மாத்திரை ஆப்பை அவர் போனில் போட்டுக் கொடுத்தீர்கள். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை, உங்கள் குரலிலேயே “அத்தா, சுகர் மாத்திரை போட்டாச்சா?” என்று கூப்பிடும். இதற்கு நெட் வேண்டாம், ஒரு தடவை நேரம் குறித்தால் போனே அதை உள்ளே வைத்துக்கொண்டு தினமும் கூப்பிடும், நாமாக நிறுத்தச் சொல்கிறவரை நிற்காது என்றீர்கள். மாமாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பள்ளிவாசலில் ஒருத்தர் விடாமல் போனை நீட்டிக் காட்டினார். “எங்க காலித் பண்ணது பாய், அங்க குந்திகினு என்னைக் கூப்புடறான் பாரு” என்பார். குரல் பதிவு செய்து வைத்தது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அது கூப்பிடும்போது “தோ போட்டுக்கறேன்ப்பா” என்று பதில் சொல்லிவிட்டுத்தான் டப்பாவைத் திறப்பார்.

நோன்பு வந்தது. டாக்டர் மாத்திரை நேரத்தை மாற்றினார். ஒன்றை விடிவதற்கு முன்னால் சஹர் சாப்பாட்டோடு, மற்றதை நோன்பு திறந்த கையோடு. நீங்கள் ஆப்பில் ‘நோன்பு நேரம்’ என்று ஒரு பட்டன் சேர்த்து, புதிய ஆப்பை அனுப்பினீர்கள். நீங்கள் வீடியோவில் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பட்டனை அமுக்கியது நான். திரையில் பழைய நேரங்கள் போய்ப் புதிய நேரங்கள் வந்தன. “அவ்ளோதான், முடிஞ்சுது” என்றீர்கள்.

எங்கே முடிந்தது? மறுநாள் காலை பழைய நேரத்துக்கே உங்கள் குரல் வந்தது. மாமா விழுந்து விழுந்து சிரித்தார். “இன்னாடா இவன், நோன்பாளிய மாத்திரை முழுங்கச் சொல்றான்” என்றார். நான் அன்றைக்கே உங்களிடம் சொன்னேன். “அது பழசு, மிச்சம் மீதி இருக்கும், தள்ளி உட்டுடு, தானா பூடும்” என்றீர்கள். தள்ளித் தள்ளிவிட்டோம், அது போகவில்லை. காலையில் வந்த குரல் தப்பு என்று அவருக்குத் தெரிந்தது, ஏனென்றால் வாயைக் கட்டி வைக்க நோன்பு இருந்தது. ராத்திரி அப்படி எதுவும் இல்லையே! நோன்பு திறந்ததும் புது நேரத்துக்குக் கூப்பிட்டது, போட்டுக்கொண்டார். கஞ்சி குடித்து, மக்ரிப் தொழுது, கொஞ்சம் சாய்ந்தால் பழைய ராத்திரி நேரத்துக்கு மறுபடி கூப்பிட்டது, அதற்கும் போட்டுக்கொண்டார். அடுப்படியில் எனக்கும் அந்தக் குரல் கேட்டது. முன்னால் கூப்பிட்டதையே திரும்பக் கூப்பிடுகிறது என்றுதான் நினைத்தேன்.

பகலெல்லாம் கண் இருட்டுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். நோன்புக் களைப்பு என்று விட்டுவிட்டோம். அப்புறம் ஒரு நாள் ராத்திரி தராவீஹ் தொழுகையில், வரிசையில் நின்றபடியே சரிந்துவிட்டார். சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும் அளவுக்கு வேர்வை. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி, சுகர் தரையைத் தொட்டுவிட்டது, இரண்டு மடங்கு மாத்திரை எப்படி உள்ளே போனது என்று டாக்டர் கேட்டார். மாங்காட்டிலிருந்து உங்கள் தங்கை ஷிபா அழுதுகொண்டே வந்து நின்றாள். நான் வாயைத் திறந்து ‘ஆப்பு’ என்று ஆரம்பித்தேன். படுத்திருந்த மாமா என் கையைப் பிடித்து அழுத்தினார். “நான்தாம்மா. போட்டதையே மறந்து திரும்பப் போட்டுட்டேன். வயசாவுதுல்ல” என்றார். சுகர் ஏறிக் கண் தெளிந்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை மச்சான், அதற்குள் உங்களைக் காப்பாற்ற ஒரு பொய் தயார் செய்துவிட்டார்.

பிற்பாடு நான் தனியாகக் கேட்டபோது சொன்னார்: “புள்ள ரெண்டு தபா கூப்புட்டா டாக்டர் கையில பேசிட்டுத்தான் கூப்புடுவான்னு நெனச்சேன். அவன் பேரு கெடக் கூடாது. பள்ளில எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிகீறேன்” என்று.

ஆஸ்பத்திரியிலிருந்து நான் போன் போட்டுச் சொன்ன அன்றைக்கு நீங்கள் எனக்கு விளக்கியது அப்படியே நினைவிருக்கிறது. ஒவ்வொரு அழைப்புக்கும் உள்ளே ஒரு பெயர் உண்டு, அந்தப் பெயரைச் சொன்னால்தான் அதை நிறுத்த முடியும், புதிய ஆப்பில் நீங்கள் பெயர் வைக்கிற முறையை மாற்றிவிட்டதால் பழையதை நிறுத்த ஆளில்லாமல் போய்விட்டது, திரை மறந்தாலும் போன் மறக்கவில்லை என்றீர்கள். உடனே எல்லாவற்றையும் மொத்தமாக அழித்துப் புதிதாகக் குறிக்கிற மாதிரி ஒன்றை அனுப்பினீர்கள். அதற்கப்புறம் ஒரு குறையும் இல்லை, நேரத்துக்கு ஒரே குரல்தான். இவ்வளவு செய்தவர் கடைசியில், “இப்ப யார்கிட்டயும் சொல்லாத, ஆப்பு வெளிய வர்ற நேரம், பெருநாள் கழிச்சு நானே சொல்லிக்கிறேன்” என்றீர்கள். நானும் சரி என்றேன்.

பெருநாள் வரைக்கும் இங்கே எதுவும் நின்று காத்திருக்கவில்லை. ஷிபா மாத்திரை டப்பாவை எடுத்து என் அலமாரியில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டாள். ஸ்கூட்டர் சாவி அவள் கைப்பையில். வந்தால் போனால், “அத்தா, இன்னைக்கு என்ன கிழமை?” என்று கேட்கிறாள். அவளைக் குறை சொல்லவில்லை, பயத்தில் செய்கிறாள். மறதிக்குப் பார்க்கிற டாக்டரிடம் பெயர் கொடுத்திருக்கிறாள். பெருநாள் முடிந்ததும் மாமாவைத் தன் வீட்டோடு கூட்டிப் போகப்போகிறாளாம். நான் வேலைக்குப் போகிறவள், மறதிக்காரரைத் தனியாக விட முடியாதாம். சொந்த வீட்டையும் பள்ளிவாசலையும் விட்டு மாங்காட்டு மாடிவீட்டில் இவர் என்ன செய்வார்? மனுஷனுக்குப் பத்து நாள் தாங்காது.

பொறுக்க முடியாமல் உங்களுக்குக் கொடுத்த வாக்கை உடைத்துவிட்டேன். ஷிபாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுங்கள், பரவாயில்லை. அவள் மாமாவைக் கூப்பிட்டு என் எதிரிலேயே கேட்டாள். அவர் என்ன சொன்னார் தெரியுமா? “மஹ்பூபா நல்ல பொண்ணு, எம்மேல பழி வரக் கூடாதுன்னு ஆப்பு மேல போடுது. காலித் பண்ணது எல்லாம் சரியாத்தான் கீது” என்றார். போனை வாங்கிக் காட்டலாம் என்று திறந்தால் அதில் என்ன இருக்கிறது? நீங்கள்தான் சுத்தமாகத் துடைத்து அனுப்பிவிட்டீர்களே. ஷிபா என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சிக்கு வருஷா வருஷம் தேக்சா பக்கத்தில் நிற்பது அவர்தான் என்று உங்களுக்குத் தெரியும். நோன்போடு ருசி பார்க்க முடியாது, ஆவியை மோந்து பார்த்தே உப்பு போதுமா போதாதா என்று சொல்லிவிடுவார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ஆசையாகப் போனார். ஜமாஅத்தில் நல்லவிதமாகத்தான், “ரெஸ்ட் எடுங்க பாய்” என்றார்களாம். யாரோ ஒருத்தர் மட்டும், “மாத்திரை மாதிரியே உப்பையும் ரெண்டு தபா போட்டுட்டீங்கன்னா இன்னா பண்றது” என்று சிரித்தாராம். இவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தார். எனக்கு இதை அலீனாதான் சொன்னாள், கஞ்சி வாங்கப் போயிருந்தாள்.

அதிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை மச்சான். ஆபீசில் யார் போன் ஒலித்தாலும் திடுக்கென்கிறது. இந்தக் கடிதத்தை எழுதுவதற்குள்ளேயே பலமுறை எழுந்து போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தேன். உங்கள் மேல் கோபம்தான், மறைக்கப் போவதில்லை. ஆப்பில் தப்பு வருவது யாருக்கும் வரும். அதைத் திருத்த உங்களுக்கு ஒரு மாலை நேரம் போதுமானதாக இருந்தது. தப்பு என்னுடையது என்று சொல்ல மட்டும் ஏன் பெருநாள் வேண்டியிருக்கிறது?

இவ்வளவு எழுதியும் இன்று காலை நடந்ததை இன்னும் எழுதவில்லை. வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். மாமா வாசல்வரை வந்தார். ஷிபா இருக்கிறாளா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார். “மஹ்பூபா, நெசமாச் சொல்லு. அந்தக் கொரலு நெசமாவே ரெண்டு தபா வந்துச்சா? இல்ல, எனக்குத்தான் அப்பிடித் தோணுச்சா?”

விளையாட்டாகக் கேட்கிறார் என்று முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. வந்தது மாமா, நானே என் காதால் கேட்டேன், காலித் அதற்குக் காரணமும் சொன்னார் என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னேன். அவர் என் தலையைத் தடவிக் கொடுத்தார். “எம்மனசு நோவக் கூடாதுன்னு நீ சொல்ற. போய்ட்டு வாம்மா” என்றார்.

ஷிபாவிடம் உங்களுக்காகச் சொன்ன அதே பொய், இப்போது அவருக்கே உண்மையாகிவிட்டது. இனி நான் எத்தனை சொன்னாலும் அவர் நம்பப் போவதில்லை. உங்கள் வாயால் வந்தால் நம்புவார். ஷிபாவுக்கும் ஜமாஅத்துக்கும் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், சொல்லாமலே போனாலும் போங்கள். அவரிடம் மட்டும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். பதிவு செய்து அனுப்பாதீர்கள். நீங்களே போன் போட்டு, அவர் எடுத்ததும், வேறு எதுவும் பேசுவதற்கு முன்னால், “அத்தா, நீங்க எதையும் மறக்கல” என்று சொல்லுங்கள்.

உங்கள் நோன்பையும் துஆவையும் அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. எங்கள் எல்லோருடைய துஆவிலும் நீங்கள் இருக்கிறீர்கள், அவருடைய துஆவில் முதலில் இருக்கிறீர்கள்.

வஸ்ஸலாம்.

உங்கள்
மஹ்பூபா