துடைத்து வைத்த ஓலை

1974 ஜூலை 29, திங்கள். கிண்ணியா.

தென்னை உத்தியோகத்தருக்கு இன்று அனுப்பிய கடிதத்தின் பிரதி:

"கனம் ஜனாப் கலீலுர் றஹ்மான் அவர்கட்கு, அஸ்ஸலாமு அலைக்கும். தாங்கள் அனுப்பிய குளவிகள் வந்து பன்னிரண்டு நாட்களாகியும் மறுமொழி எழுதாத தாமதத்தைப் பொறுத்தருள வேண்டுகிறேன். கருந்தலைப் புழுவை ஒழிக்குமென்று தாங்கள் கூறிய அக்குளவிகள், என் தென்னைகளில் ஒரு புழுவையேனும் தீண்டவில்லை. குறை குளவிகளிலேயே இருத்தல் கூடும்."

கடிதம் சிறப்பாகவே அமைந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதியதென்று யார் சொல்வார்?

பதினெட்டு மரங்கள். மணமுடித்த ஆண்டில் என் கணவர் தம் கையால் வைத்தவை. புழு தன் வளவுக்கும் வருமென்று அயல்வீட்டு நபீஸா றாத்தா முறையிட்டார். நோன்புக்கு முன் குணமாகாவிட்டால் தறித்துவிடுவதாக இவர் வாக்குக் கொடுத்துவிட்டார். என்னைக் கேட்கவில்லை. கேட்டால் மறுப்பேனாம்.

ஆகஸ்ட் 3, சனி.

மிஞ்சிய குளவிகளை இன்று விட்டேன். இப்புழு, தன் எச்சத்தையும் நூலையும் குழைத்து ஓலையின் அடியில் குழாய் போலக் கூடு கட்டி ஒளிந்திருக்கும். ஆகவே, முன்பு செய்தது போலவே, குசினியில் உட்காரும் வாங்கைக் கொண்டுவந்து ஏறி, எட்டிய ஓலைகளை எல்லாம் ஈரத்துணியால் துடைத்து, புழுக்களை வெளியே தெரியவைத்தேன். விருந்தாளி வருமுன் வீடு கூட்டுவதில்லையா?

குளவிகள் இறங்கின. உணர்கொம்பால் தொட்டன. பறந்துவிட்டன.

துறைமுக லாஞ்சிப் படகு வேலையால் வந்த இவர், கதிரையில் சாய்ந்தபடி பார்த்திருந்தார்.

"உன்ட குளவியள் பொண்ணு பாக்க வந்த ஆக்கள் மாதிரி புள்ள. பாத்திட்டு, கடிதம் போடுறமெண்டு போகுதுகள்."

சிரிக்கக்கூடாது என்றிருந்தேன். ஏலவில்லை.

ஆகஸ்ட் 9

மரம் தறிப்பவர் வந்து மரங்களைப் பார்த்துப் போனார்.

ஆகஸ்ட் 14, புதன்.

கிணற்றடி மரத்தின் உயர்ந்த ஓலையொன்று காற்றில் முறிந்து தொங்கியது. எனக்கு எட்டாததால் துடைபடாத ஓலை. அதில் ஒரு குளவி!

கூட்டின் வாயில் நின்று, எச்சத்தை உணர்கொம்பால் தட்டித் தட்டிப் பார்த்து, உள்ளே சென்றாள். கூட்டின் கிழிசல் வழியே பார்த்திருந்தேன். சிறிய புழுக்களைக் கடந்தாள். பருத்த ஒன்றின்மேல் ஏறி, தலையிலிருந்து வால்வரை நடந்து அளந்தாள். பிறகே கொட்டினாள். புழு துவண்டது.

அப்படியானால், நான் துடைத்தெறிந்தது அவளுக்கு வழிகாட்டும் வாசனையையா? மரம் சாகக் கிடக்குது, நான் துணியோட நிண்டிருக்கிறன். குளவியில குறையெண்டு வேற எழுதினன். யா அல்லாஹ், எவ்வளவு அழகான எழுத்தில் எழுதினேன்.

ஆகஸ்ட் 16

துவண்ட புழுவின்மேல் பதினொரு முட்டைகள், வரிசையாக. தாய் அகலவில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்.

இவரிடம் சொல்லிவிட்டேன். கேலியை எதிர்பார்த்திருந்தேன். எழுந்து கிணற்றடிக்குப் போனவர், தேநீர் ஆறும்வரை திரும்பவில்லை.

"இன்னும் இரிக்கிறா புள்ள. மற்றக் குளவியொண்டு கிட்ட வந்திச்சு, துரத்திப்போட்டா."

தறிப்பதை நிறுத்துவீர்களா என்று கேட்டேன். வாக்கு வாக்குத்தான் என்றார். அவருடைய குரல் அப்படிச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு.

வாக்கைத் திருப்பித் தர வல்லவர் ஒருவரே. நபீஸா றாத்தாவிடம் நானே சென்றேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாசகங்கள் அவர் வாசலில் ஒன்றும் வரவில்லை.

"றாத்தா, பிழை என்னில. மழை வரும் மட்டும் தவணை தாங்க."

வந்து பார்த்தார். இன்னும் பல ஓலைகளில், துடைத்த பின் மீண்டும் எழுந்த கூடுகளுக்குள், குளவிகள் இருந்தன. ஓலை ஓலையாகப் புரட்டிப் பார்த்தார்.

"இவ்வளவு எழுதத் தெரிஞ்ச நீங்க துடைச்சீங்களோ? நானெண்டா பஞ்சியில துணியே எடுக்காம அப்பிடியே விட்டிருப்பன். மரம் எப்பவோ தப்பியிருக்கும்."

என் கையைப் பிடித்து, மழை வரும் மட்டும் என்றார்.

செப்டெம்பர் 17

நாளை நோன்பு. பதினெட்டும் நிற்கின்றன.

ஒக்ரோபர் 24, வியாழன்.

மழை தொடங்கிவிட்டது. புதிய குருத்துகளில் புழு இல்லை. தறிப்பவருக்கு, இனி வேலையில்லையென்று சொல்லி, இவர் பெருநாள் பலகாரம் கொடுத்தனுப்பினார். இன்றைய கடிதத்தின் பிரதி:

"கனம் ஐயா, அஸ்ஸலாமு அலைக்கும். ஜூலையில் நான் எழுதியது தவறு. குறை குளவிகளில் அல்ல, என்னில். என் அயலவர் நபீஸா அவர்களின் மரங்களிலும் இப்போது புழு கண்டுள்ளது. அவருக்கும் குளவிகள் தேவை. அவர் அருகிலிருந்து சொல்லச் சொல்ல எழுதுகிறேன்: ஓலை ஒன்றும் துடைக்கப்படவில்லை. விரைவில் பதில் எழுதவும்."