உன் வீட்டுக்காரரின் மூக்கு

அன்புத் தங்கைக்கு,

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். இத்தனை வருடமாக உன் வீட்டு வாசலை மிதிக்காதவனுக்கு இன்று என்ன வந்தது என்று கேட்பாய். உன் வீட்டுக்காரரைப் பற்றித்தான் எழுதுகிறேன். முதல் வரியிலேயே மடித்து வைத்துவிடாதே.

போன வாரம் பீர் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். உன் வீட்டுக்காரரும் ஒரு நடுவர். எங்கள் கதை தெரியாத புண்ணியவான் யாரோ எங்கள் இருவரையும் ஒரே மேசையில் போட்டுவிட்டார். எந்த ஆலையின் பீர் என்று தெரியாதபடி கோப்பைகளில் எண் மட்டும் இருக்கும். முகர்ந்து, ஒரு வாய் விழுங்கி, பேசாமல் எழுத வேண்டும். பேச்செல்லாம் பிறகுதான். செண்ட் பூசிக்கொண்டு யாரும் அங்கே வரக்கூடாது. ஒருமுறை அப்படி வந்த நடுவரை, "கல்யாணத்துக்கா கிளம்பினீங்க? போய் மூஞ்சிய கழுவிட்டு வாங்க" என்று விரட்டியவரே உன் வீட்டுக்காரர்தான்.

அன்று அவரே செண்ட் பாட்டிலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டவர்போல வந்து உட்கார்ந்தார். திமிர் என்று நினைத்தேன். பக்கத்து நாற்காலி அம்மாள் தள்ளி உட்கார்ந்ததும், "என்ன மேடம், நான் கடிச்சிடுவேனா?" என்று சிரித்தார்.

அடுத்த கோப்பையில் வெண்ணெய் வாடை. நொதித்து முடியும் முன்பே அவசரப்பட்டுக் குளிர வைத்தால் வரும் குறை. நாங்கள் ஒரே ஆலையில் இருந்த காலத்தில், அந்த வாடையைச் சொல்லித்தான் நான் காய்ச்சிய தொட்டி பீர் முழுவதையும் சாக்கடையில் திறந்துவிடச் சொன்னார். "மச்சானை பீர் காய்ச்சச் சொன்னா பாப்கார்ன் பொரிச்சு வச்சிருக்காரு" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் வாடை தானே போயிருக்கும். என் வேலை போனது. என் நாற்காலி அவருக்குப் போனது. நான் மறக்கவில்லை, மறப்பதாகவும் இல்லை.

அப்பேர்ப்பட்டவர் இந்தக் கோப்பைக்கு "வாசனை சுத்தம்" என்று எழுதியிருந்தார். மற்ற மூவரும் வெண்ணெய் என்றதும், "ஆமா, லேசா இருக்கு" என்று அடித்துத் திருத்தினார். அதன்பிறகு ஒவ்வொரு கோப்பைக்கும் எங்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினார். அப்போதுதான் அந்த செண்டும் எனக்குப் புரிந்தது. அவருக்கு மூக்கு வேலை செய்யவில்லை, அம்மா.

முடிந்ததும் போட்டியை நடத்துபவர் என்னைத் தனியே அழைத்து, அடுத்த முறை அவரையே தலைமை நடுவராகப் போடலாமா என்று கேட்டார். ஒரு வார்த்தை போதும், அவர் பிழைப்பே கவிழ்ந்துவிடும். ஆனால் ஜன்னலுக்கு வெளியே படிக்கட்டில் அவர் தனியாக உட்கார்ந்து, தன் சட்டைக் கையைத் திரும்பத் திரும்ப முகர்ந்துகொண்டிருந்தார். "அவர்கிட்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பெருந்தன்மை என்று எண்ணாதே. எனக்கு என்னவோ செய்தது.

உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். சாப்பாட்டில் ருசியே இல்லை என்று எரிந்து விழுகிறாரா? உன் கைமணம் எங்கும் போகவில்லை. ஆலையில் குளிரூட்டும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தால் முதலில் சொல்வது மூக்குதான். வீட்டில் கேஸும் அப்படித்தான், பார்த்துக்கொள். வெறும் சளியாக இருக்கலாம். தலைக்குள் வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் அழைத்துப் போ. நீயே கண்டுபிடித்ததாகச் சொல். நான் எழுதியது தெரிந்தால் அந்தப் பக்கமே போக மாட்டார்.

நன்றாக இரு. அவரும் நன்றாக இருக்கட்டும்.

கீழே 'உன் அண்ணன்' என்று போட வேண்டும். உன் வீட்டில் அந்தச் சொல்லுக்கு இன்னும் இடம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.